ஒரே கை, பல வேலை

கேள்வி

ஐயா, வணக்கம். என் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம். வயது 27. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் காட்சிவழித் தகவல் வடிவமைப்பு படித்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். அப்பா போர்டு எழுதுகிறவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துபோய், கோயில் பலகை, வண்டி எழுத்து என்று கிடைப்பதைச் செய்கிறார். நான் கல்யாணப் பத்திரிகை, கடை லோகோ, ஃப்ளெக்ஸ் டிசைன், அங்கன்வாடிச் சுவர், கூத்துக் குழுவின் கிரீடத்துக்கும் புஜக்கட்டைக்கும் வண்ணம் என எல்லாம் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு. மிச்ச நேரத்தில் நடுகற்களைப் பார்த்துச் சொந்தமாக வரைகிறேன்.

கல்லூரியில் எனக்கு மூத்தவர் ஒருவர், "எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள். எல்லாம் செய்கிறவளை யாரும் ஓவியர் என்று சொல்லமாட்டார்கள்" என்கிறார். ஓசூரில் ஒரு கம்பெனி பேக்கேஜிங் பிரிவில் மாதம் 24,000 ரூபாய்க்குக் கூப்பிடுகிறது. போகலாமா? போனால் சொந்த ஓவியம் நின்றுவிடுமா? வீட்டில் பெண் பார்க்க வருகிறவர்கள் "பொண்ணு என்ன வேலை பார்க்குது" என்று கேட்டால் அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பர்கூர் பக்கம் ஓர் ஊறுகாய்க் கம்பெனிக்கு மாங்காய்ப் படம் வரைந்து ஒரு லேபிள் செய்து கொடுத்தேன். 3,500 ரூபாய் தந்தார்கள். இப்போது அதே படத்தை ஊறுகாயோடு சேர்த்து ஜூஸ், மாம்பழக் கூழ் என்று ஐந்து பொருளுக்கும், அவர்கள் வேனிலும் போட்டிருக்கிறார்கள். கேட்டால், "அதான் காசு குடுத்தாச்சே, இன்னும் என்னம்மா" என்கிறார் முதலாளி. நான் என்ன செய்வது?

பதில்

அன்புள்ள தங்கைக்கு வணக்கம்.

"ஒன்றைப் பிடி" என்று அவர் சொன்னது உங்கள் மேல் உள்ள அக்கறையால்தான் இருக்கும். ஆனாலும் நான் அதை ஏற்கவில்லை. தருமபுரியில் இருந்துகொண்டு தூரிகையும் கணினியுமாகப் பிழைக்கிறவன் நான். நம் இரண்டு மாவட்டங்களிலும் ஒரே வகை வேலை மட்டும் செய்து குடும்பம் நடத்தும் ஓவியர் எவரையும் நான் சந்தித்ததில்லை. சின்ன ஊரில் இருப்பதால் வந்த தலையெழுத்து என்று இதை நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் படம் வரைந்து வாழ்ந்த பெரியவர்கள் பலரும் இப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள்.

கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் குழுவுக்குத் திரை எழுதப் போய்க் கோவில்பட்டியில் தங்கினார். அங்கே ஸ்டுடியோ வைத்தார்; சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படம் வரைந்தார். அவருடைய காலண்டர் படங்களில் முருகனும் லட்சுமியும் நேராக நம்மைப் பார்த்து நிற்பார்கள். பின்னால் மலையும் நீரும் விரிந்திருக்கும். அந்த அமைப்பை அவர் நாடக மேடையிலிருந்துதான் எடுத்தார் என்றே நான் நினைக்கிறேன். திரை எழுதாமல் இருந்திருந்தால் அந்தக் காலண்டர் அப்படி வந்திருக்காது. கோபுலு உங்கள் கும்பகோணத்தில் படித்தவர். விகடனில் சித்திரக்காரராக இருந்துவிட்டு விளம்பரத் துறைக்குப் போனார்; சொந்தமாக விளம்பர நிறுவனமும் நடத்தினார். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் துணி வடிவமைப்பாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அந்த வேலையில் இருந்துகொண்டேதான் கோட்டோவியங்கள் வரைந்தார். தமிழ்ப் புத்தகங்களுக்கு அட்டையும் தலைப்பெழுத்தும் செய்தார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, அங்கே சேர்ந்த ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் நிலத்துக்கும் வீட்டுக்கும் பணம் சேர்த்தார்கள். பகலில் பாத்திக்குக்கு மெழுகு உருக்கியதால் அவர்கள் யாருக்கும் ஓவியர் என்ற பெயர் போய்விடவில்லை.

ஆக, நீங்கள் பல வேலை செய்வதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது வேறு. இத்தனை வேலைகளை எழுதியிருக்கிறீர்கள். எதற்கு எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று ஓரிடத்திலும் இல்லை. கடிதம் முழுக்கத் தேடினாலும், வாங்கியதாக இருக்கும் ஒரே தொகை அந்த 3,500 ரூபாய்தான். எந்த வேலை உங்களுக்கு என்ன தருகிறது, எதில் நீங்கள் கரைகிறீர்கள் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மனத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று படுகிறது. அதைச் சரிசெய்தால் போதும். வேலைகளை விட வேண்டியதில்லை, ஒன்றிரண்டைத் தவிர.

விட வேண்டியவற்றில் முதலாவது ஃப்ளெக்ஸ். பிறந்தநாள் ஃப்ளெக்ஸில் முப்பது முகம் ஒட்டும் வேலை உங்கள் கைக்கு எதையும் கற்றுத்தராது, ராத்திரித் தூக்கத்தையும் தின்னும், அவசரம் என்று சொல்கிறவர்களே பணத்துக்கு இழுத்தடிப்பார்கள். அதைப் பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைப் பையனுக்கே விட்டுவிடுங்கள். கல்யாணப் பத்திரிகையை வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதங்களில் கையில் காசு புரள வைப்பது அதுதான். ஆனால் மாதிரி ஐந்தாறை முன்னமே செய்து வைத்து, அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். புதிதாக வரைய வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை.

கூத்துக் குழு வேலையை, காசு குறைவாக இருந்தாலும், விடவே விடாதீர்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டி, பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடோ மஞ்சள் கோடோ விடுகிறார்களே, அது வெறும் அழகுக்கு விட்டது கிடையாது. ராத்திரி வெளிச்சத்தில், களத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் துரியோதனன் கிரீடம் வேறு, அர்ச்சுனன் கிரீடம் வேறு என்று தெரிய வேண்டும். பச்சையும் சிவப்பும் நேராக ஒட்டினால் தூரத்தில் இரண்டும் கலங்கிவிடும். மளிகைக் கடை அலமாரியில் நாற்பது பாட்டிலுக்கு நடுவே ஒரு பாட்டில் தெரிய வேண்டும் என்றாலும் இதே கணக்குத்தான். அந்த மாங்காய் லேபிளை நீங்கள் எப்படி வரைந்தீர்களோ எனக்குத் தெரியாது. ஐந்து பொருளுக்கு அதையே போட்டுக்கொண்டார்கள் என்றால் அது கண்ணில் நிற்கிறது என்றுதான் அர்த்தம். அந்தக் கண் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

விலைக்கு வருகிறேன். பிறர் வாங்கும் ரேட்டைக் கேட்டு அதற்கு நூறு ரூபாய் குறைத்துச் சொல்கிற பழக்கம் நம் பக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வீட்டிலிருந்து கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, வீட்டுக்கு நீங்கள் தர வேண்டியது 15,000, கணினித் தவணை 3,000, மின்சாரமும் இணையமும் 2,000, வண்ணம், காகிதம் 2,000, சேமிப்பு 4,000. ஆக மாதம் 26,000. மாதத்தில் இருபத்தைந்து நாள் உழைத்தாலும், காசு வரும் வேலையில் உட்காரும் நாள் பதினைந்துதான் தேறும். மற்ற நாளெல்லாம் வாடிக்கையாளரைப் பார்க்கப் போவது, அச்சகத்தில் நிற்பது, பாக்கி கேட்டு நடப்பது என்று போய்விடும். 26,000-ஐப் பதினைந்தால் வகுத்தால் ஏறத்தாழ 1,750. அதுதான் உங்கள் ஒரு நாள் கூலி. ஒரு லேபிளுக்கு மூன்று நாள் ஆகிறது என்றால் 5,250-க்குக் கீழே பேசக் கூடாது. நீங்கள் வாங்கிய 3,500, இரண்டு நாள் கூலி. மூன்றாவது நாளை அந்தக் கம்பெனிக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

வேலையைத் தொடங்கும் முன் பாதிப் பணம். இரண்டு முறை திருத்தம் விலையில் அடங்கும். மூன்றாவது முறையிலிருந்து தனி. இதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொண்டு வேலையில் கை வையுங்கள். பெண் பிள்ளை காசு பேசுகிறாள் என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சுவர் வேலைக்குச் சதுர அடிக் கணக்குச் சரிதான். ஆனால் சுவரைப் பார்க்காமல் ரேட் சொல்லாதீர்கள். பழைய பள்ளிக்கூட, அங்கன்வாடிச் சுவர்களில் அடியில் ஈரம் ஏறி உப்புப் பூத்திருக்கும். அதன் மேல் எனாமல் அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் அடுத்த மழைக்குள் பெயர்ந்து விழும். சுரண்டி, காயவிட்டு, பிரைமர் அடித்து, வெளிச்சுவர் எமல்ஷனில்தான் வரைய வேண்டும். சுரண்டுகிற கூலியும் பிரைமரும் யார் செலவு என்பதை ஒப்பந்ததாரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். பெயர்ந்து விழும்போது ஒப்பந்ததாரர் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். சுவரின் மூலையில் இருப்பது உங்கள் பெயர்.

இந்த வாரமே செய்யக்கூடிய ஒரு காரியம், சிறுதொழில் செய்கிறவர்களுக்கான உத்யம் பதிவு. ஆதாரும் பான் அட்டையும் இருந்தால் அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம்; கட்டணம் கிடையாது. செய்து தருகிறேன் என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். டிசைன் வேலையும் சேவைத் தொழில்தான், அதனால் குறுந்தொழிலாகப் பதியலாம். பதிந்தவருக்கு, வேலையை வாங்கிக்கொண்ட நிறுவனம் எழுத்தில் கெடு பேசியிருந்தால் அந்தக் கெடுவுக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல், பணம் தர வேண்டும்; கெடு எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இது. தாமதித்தால் வட்டியும் உண்டு. பதிவு, வேலையைக் கொடுப்பதற்கு முன்பே இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பற்றி இப்போது பயப்படாதீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஓசூர் வேலை. போங்கள் என்றுதான் சொல்வேன், இரண்டு வருடத்துக்கு. சம்பளத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பாக்கெட் எப்படி அச்சாகிறது என்பதை வீட்டில் உட்கார்ந்து யூடியூப் பார்த்துக் கற்க முடியாது. பிளாஸ்டிக் பையில் அச்சடிக்க ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி அச்சு உருளை, அதாவது சிலிண்டர், செய்ய வேண்டும்; ஒரு வண்ணத்தைக் குறைத்தால் முதலாளிக்கு ஒரு சிலிண்டர் காசு மிச்சம். வண்ணம் ஒன்றோடொன்று சேரும் விளிம்பில் எவ்வளவு ஏற்றிவிட்டால் வெள்ளைக் கோடு தெரியாது, அட்டைப் பெட்டியின் மடிப்பில் எழுத்து விழுந்தால் என்னவாகும், திரையில் பளிச்சென்று இருந்த பச்சை அச்சில் ஏன் செத்துப்போகிறது, இவையெல்லாம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கற்க வேண்டியவை. நேர்முகத்தில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: "அச்சுக்குப் போகும்போது நான் கூட இருக்க முடியுமா?" முடியாது, கணினி முன்னால் மட்டும்தான் என்றால் அந்த வேலைக்கு 24,000 போதாது.

உணவுப் பொருள் பொட்டலத்துக்கு என்னென்ன கட்டாயம் என்பதையும் அங்கேயே படித்துவிடலாம். சைவக் குறியான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிம எண், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, தயாரிப்பாளர் முகவரி, எழுத்தின் குறைந்தபட்ச உயரம். கிருஷ்ணகிரியைச் சுற்றி மாம்பழக் கூழ் ஆலைகளும் சிறு ஊறுகாய்க்காரர்களும் எத்தனை பேர்! அவர்களில் பலர் லேபிளில் ஒரு வரி விட்டுப்போய், அச்சடித்த மொத்தத்தையும் மூலையில் போட்டு வைத்திருப்பார்கள். அந்த வரி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் ஓவியரை அவர்கள் அடுத்த ஆளிடம் விடமாட்டார்கள்.

வேலை உத்தரவில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வாக்கியத்தைத் தேடிப் படியுங்கள். வேலையின் பகுதியாக நீங்கள் செய்வது கம்பெனிக்குச் சொந்தம். பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் சில உத்தரவுகளில், பணிக்காலத்தில் ஊழியர் படைக்கும் எல்லாமே நிறுவனத்துக்கு என்று அகலமாக எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால், அலுவலக நேரத்துக்கு வெளியே, சொந்தப் பொருளில் செய்யும் ஓவியங்கள் என்னுடையவை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள்.

தினம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூருக்குப் போய் வருவது உடம்புக்கு ஆகாது. வாரநாளில் அங்கேயே விடுதியில் தங்குங்கள். சொந்த ஓவியம் நின்றுவிடுமா என்று கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பை வைத்துக்கொண்டே போனால் நின்றுவிடும். வகுப்பை அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். சாக்பீஸ் நூல் தட்டிக் கோடு போடுவது, கட்டை பிரஷில் ஒரே இழுப்பில் அரைவட்டம் போடுவது, இதையெல்லாம் இன்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? அவருக்கும் மாத வரவு ஒன்று நிலையாக வரும்.

அப்பாவைப் பற்றி எழுதும்போது நீங்கள் "கிடைப்பதைச் செய்கிறார்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அங்கே நிற்க வேண்டும் போலிருக்கிறது. நம் பக்கத்து போர்டு எழுத்துக்காரர்களின் எழுத்து ஒவ்வொருவருக்கும் ஒரு சாயல். "ழ"வின் காலை ஒருவர் நீட்டி இழுப்பார், ஒருவர் சுருட்டி விடுவார். பாலக்கோடு, காரிமங்கலம், ராயக்கோட்டை, பர்கூர் எங்கேயாவது பழைய ரைஸ் மில், டீக்கடை, சைக்கிள் கடைப் பலகையில் இன்னும் மிச்சம் இருக்கும். அடுத்த வெள்ளையடிப்பில் அதுவும் போய்விடும். பேருந்தில் போகும்போதெல்லாம் இறங்கிப் படம் எடுத்து வையுங்கள், ஊரும் தேதியும் குறித்து.

பிறகு அப்பாவை ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்து, வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் தமிழ் எழுத்து முழுக்க எழுதச் சொல்லுங்கள். 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். உயிரும் ஆய்தமும் பதின்மூன்று. அகரமேறிய மெய் பதினெட்டு. கொம்பு, கால், இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி, புள்ளி போன்றவை ஒருமுறை எழுதினால் போதும். கஷ்டம் கொடுப்பது உகர, ஊகார வரிசை: கு, சு, டு, து, பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைவதால் அந்த முப்பத்தாறையும் தனித்தனியே எழுதியாக வேண்டும். டி, டீ இரண்டும் தனி. அதோடு ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ. ஸ்கேன் செய்து இங்க்ஸ்கேப்பில் கோடெடுத்து, ஃபான்ட்ஃபோர்ஜில் யூனிகோடு எழுத்துருவாகக் கட்டலாம். இரண்டும் இலவச மென்பொருள்கள். மெதுவான வேலைதான், வருடம் ஆனாலும் ஆகட்டும். முடியும்போது, வேறு எவரிடமும் இல்லாத ஒரு தமிழ் எழுத்து உங்கள் கையில் இருக்கும். உங்கள் லேபிளிலும் பத்திரிகையிலும் அதைப் போடலாம், மற்றவர்களுக்கு உரிமம் கொடுத்து விற்கலாம். எல்லோரும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதே பத்து எழுத்துருவில் போர்டு வைக்கும் காலத்தில் இதன் மதிப்பை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு ஒரு பதில் வேண்டுமே. "ஓவியம் படிச்சவ. பொட்டலம், புத்தகம், சுவர் எல்லாத்துக்கும் வரைஞ்சு கொடுக்குறா, வருமான வரிக் கணக்கும் தாக்கல் பண்றா" என்று சொல்லச் சொல்லுங்கள். வரி கட்ட வேண்டிய வருமானம் இல்லாவிட்டாலும் கணக்கை வருடாவருடம் தாக்கல் செய்யுங்கள். கம்பெனிகள் பிடித்த வரி திரும்பி வரும், வங்கியில் கடன் கேட்கும்போது காட்டவும் ஒரு தாள் இருக்கும்.

இனி நடுகல். நீங்கள் செய்வதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம் பக்கம் வேடியப்பனாகக் கும்பிடப்படும் கற்கள் எத்தனை! நிரை மீட்கப் போய் விழுந்த வீரன், ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள், காலடியில் சிமிழோ கெண்டியோ, மேலே வட்டெழுத்து. ஊரார் கும்பிடுகிற கல்லென்றால் பூசாரியைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். கோடு தெரியவில்லை என்று சாக்பீஸோ மாவோ தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள்; தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள், செய்கிறவரைக் கண்டாலும் தடுங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும் நேரத்தில் போனால் கல் தானாகவே கோடு காட்டும். தருமபுரி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் கற்களில் தொடங்கி, மல்லப்பாடியின் வெண்ணிறப் பாறை ஓவியங்களுக்கும், அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்துக்கும் போங்கள். செதுக்கிய கோடு, பூசிய கோடு, எழுதிய கோடு மூன்றையும் நம் ஊரிலேயே பார்க்கக் கிடைத்திருக்கிறது.

இந்த ஓவியங்களை மட்டும் வியாபாரத்துக்கு வளைக்காதீர்கள். ஜவுளிக்கடைக்காரர் அழகாக இருக்கிறது என்று வேடியப்பனை லோகோவாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒரே அளவில், ஒரே தாளில், பின்புறம் ஊர், தேதி, கையெழுத்தோடு இருபத்தைந்து முப்பது சேரட்டும். பிறகு வெளியே கொண்டுபோங்கள். பெங்களூரு நமக்குச் சென்னையைவிடப் பக்கம். அங்கே கர்நாடக சித்ரகலா பரிஷத் ஜனவரி மாதம் நடத்தும் சித்ர சந்தே நாளில் குமார கிருபா சாலை முழுக்க ஓவியர்கள் தரையிலும் தட்டியிலும் பரப்பி விற்பார்கள். வெளி மாநிலத்தவரும் விண்ணப்பித்து இடம் வாங்கலாம். பெரிய படம் இரண்டு, கையடக்கமான சின்னப் படங்கள் நிறைய என்று எடுத்துப் போவது நல்லது. வருகிற கூட்டத்தில் பலர் வாங்குவது சின்னதைத்தான். கலை பண்பாட்டுத் துறை மாவட்டக் கலை மன்றம் வழியாகத் தரும் விருதுகளில் 19 முதல் 35 வயது வரை கலை வளர்மணி, ஓவியர்களுக்கும் உண்டு. நம் மாவட்டங்களுக்கு சேலம் மண்டல அலுவலகம். அறிவிப்பு வரும்போது தவறவிடாதீர்கள். பரிசுத் தொகை பெரிதில்லை, ஆனால் அடுத்த விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி கிடைக்கும்.

கடைசியாக லேபிள். இதில் நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சட்டம் முழுக்க உங்கள் பக்கம் என்றும் என்னால் சொல்ல முடியாது. நீங்கள் அந்தக் கம்பெனியின் ஊழியர் கிடையாது. வெளியாளாக இருந்து வரைந்து கொடுத்த படத்தின் முதல் உரிமையாளர் பொதுவாக வரைந்தவரே. ஆனால் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன புகைப்படம், வண்ண ஓவியம், உருவப்படம் போன்ற சிலவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது; உங்கள் மாங்காய்ப் படம் அதில் வருமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்யவில்லையே என்று யாராவது மிரட்டினால், பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயம் இல்லை என்று சொல்லுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அப்படி எழுதிய தாளிலும் எத்தனை வருடம் என்று போடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த இடம் என்று போடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். உங்களிடம் அவர்கள் எந்தத் தாளும் வாங்கவில்லை. ஊறுகாய் லேபிளுக்குக் காசு கொடுத்தார்கள், ஊறுகாய் லேபிளுக்குப் பயன்படுத்திக்கொள்ளட்டும். அந்த விதிவிலக்கில் வராவிட்டால், ஜூஸுக்கும் கூழுக்கும் வேனுக்கும் போட்டது தனிக் கணக்கு.

அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். நல்ல வாடிக்கையாளராக மாறக்கூடியவர் அவர். இப்படி எழுதுங்கள்: "ஐயா, மாங்காய் ஊறுகாய் லேபிளுக்காக நான் வரைந்த படத்தை மற்ற நான்கு பொருள்களிலும் வேனிலும் பார்த்தேன், மகிழ்ச்சி. முதலில் பேசிய தொகை ஊறுகாய் லேபிளுக்கு மட்டும். மற்றவற்றுக்கு ஐந்து வருடம், இந்தியா முழுக்கப் பயன்படுத்த உரிமம் தருகிறேன். தொகை 12,000 ரூபாய். கூடவே ஐந்து லேபிளிலும் சைவக் குறி, உரிம எண், எடை முதலான விவரங்களைச் சரிபார்த்து, அச்சுக்கு ஏற்ற கோப்பாகத் தருகிறேன்." மூன்று நாள் வேலையின் பாதி வீதம் நான்கு பொருளுக்கு 10,500, வேனுக்கு 1,500 என்பது என் கணக்கு. பேரம் பேசுவார். 8,000-க்குக் கீழே இறங்காதீர்கள். அவர் சம்மதித்தால் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

மாம்பழ சீசனுக்கு முன்னால் அவர்கள் புதிய அச்சுக்குக் கொடுப்பார்கள். கடிதம் அதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் அவருக்கும் பேசி முடிக்கும் அவசரம் இருக்கும். ஒரு மாதம் பார்த்தும் பதில் வராவிட்டால் கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. போகும்போது பென்சிலில் போட்ட முதல் வரைவு, தேதி தெரியும் மூலக் கோப்பு, 3,500 வந்த வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்படி, ஐந்து பொருளையும் கடையில் வாங்கிய பில் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.